கூடாரம் போன கதை

வானத்திலிருந்து விழுந்த இரும்புக்கு யார் பெயர் வைப்பது? கிரீன்லாந்தின் இனுயிட் மக்கள் தங்கள் மண்ணில் கிடந்த விண்கல்லின் மூன்று துண்டுகளுக்கு வைத்த பெயர்கள்: கூடாரம், பெண், நாய்! பல நூற்றாண்டுகளாக அதைத் தட்டிப் பெயர்த்துத்தான் கத்தியும் ஈட்டிமுனையும் செய்துகொண்டார்கள்.

1894-ல் ராபர்ட் பியரி என்ற அமெரிக்கரை அங்கே கூட்டிப்போனவரும் ஓர் இனுயிட்தான். விளைவு? 1897-க்குள் மூன்றுமே கப்பலேறிவிட்டன! 31 டன் ‘கூடாரம்’, பியரியின் சின்ன மகளின் பெயரால் ‘அனிகிட்டோ’ ஆனது (வேடிக்கை, அதுவும் இனுயிட் பெயர்!). நியூயார்க் அருங்காட்சியகம் பியரி குடும்பத்துக்குக் கொடுத்த விலை 40,000 டாலர்.

1963-ல் 20 டன்னில் இன்னொரு துண்டு கிடைத்தது. இன்று பதிவேட்டில் பெயர் ‘கேப் யார்க்’. மீட்ட எடை 58 டன். எல்லாம் சரியாகக் கணக்கில் இருக்கிறது. வழிகாட்டியவருக்கு என்ன கிடைத்தது என்கிறீர்களா? ஒரு துப்பாக்கி!