மழைக் கணக்குப் போட்ட வாக்கர் துரை

சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனை எல்லோருக்கும் தெரியும். 1913-இல் அவருடைய கணக்குகளைப் பார்த்துவிட்டு, இவருக்கு உதவ வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கில்பர்ட் வாக்கரை நம்மில் பலர் மறந்துவிட்டோம். அவருடைய சொந்த வேலை மழை.

தாது வருஷப் பஞ்சம் (1876–78) சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பிறகுதான், பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற அவசரம் சர்க்காருக்கு வந்தது. 1899-இல் மழையும் பொய்த்தது, கணிப்பும் பொய்த்தது. 1904-இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த வாக்கர் கணிதக்காரர். வானிலை அவருக்குப் புதிது. அவர் பிடித்துக்கொண்ட கருவி ஒட்டுறவு.

அத்திப்பட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மழை கூடினால் உப்பளத்தில் உப்பு குறையும். ஒன்று ஏற மற்றது இறங்கினால் எதிர்மறை ஒட்டுறவு. இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் நேர்மறை. எவ்வளவு இறுக்கமாகச் சேர்ந்து போகின்றன என்பதை –1 முதல் +1 வரையுள்ள ஓர் எண் சொல்லிவிடும்.

வாக்கர் உலகின் பல ஊர்களிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழைப் பதிவுகளை வரவழைத்தார். இரண்டிரண்டு பத்திகளை எதிரெதிரே வைத்து இந்திய குமாஸ்தாக்கள் கையாலேயே கணக்குப் போட்டார்கள். 30 வருஷப் பதிவுக்கு ஒரே ஓர் எண் வர 30 பெருக்கல், 60 வர்க்கம்; அதற்கு மேல் கூட்டல், வகுத்தல், வர்க்கமூலம். நானும் குமாஸ்தாவாக இருந்தவன். படிக்கும்போதே எனக்கு விரல் வலித்தது.

பலன் கிடைத்தது. பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்துமாக்கடல் பக்கம் இறங்குகிறது என்று கண்டு, 1920-களில் அதற்குத் 'தெற்கு அலைவு' என்று பெயர் வைத்தார். உப்பு ஏன் குறைகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அழுத்தம் ஏன் இப்படி ஊசலாடுகிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. 1960-களில்தான் பியர்க்னஸ் அதை எல் நினோவோடு முடிச்சுப் போட்டார்.

வாக்கரிடம் எனக்குப் பிடித்தது அவருடைய சந்தேகம். நூற்றுக்கணக்கான ஜோடிகளைப் பார்த்தால் சில தற்செயலாகவே பொருந்தும், அதை நம்பி ஏமாறக் கூடாது என்று 1914-லேயே எழுதினார். எத்தனை ஜோதிடர்கள் இதைப் படித்திருக்க வேண்டும்!

2015 எல் நினோ வருஷம். நாட்டின் தென்மேற்கு மழை குறைந்தது, நம் பக்கத்து வடகிழக்கு மழையோ டிசம்பரில் சென்னையை மூழ்கடித்தது. சரி, கணக்கு பொருந்துகிறது என்று தோன்றும். ஆனால் 1997-இல் அதற்கு இணையான பெரிய எல் நினோ வந்தபோது, நாட்டின் தென்மேற்கு மழை சராசரிக்குக் கீழே போகவே இல்லை.