சால்மன் பொட்டலத்தின் பின்பக்கம்

இதயத்துக்கு நல்லது என்ற பெயரோடு விற்பனையாகும் மீன்களில் சால்மனுக்குத் தனி இடம் உண்டு. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் பேரங்காடிகளில் அது வெறும் மீனாக மட்டும் கிடைப்பதில்லை. எலுமிச்சை-மிளகு, தேன்-கடுகு, பூண்டு-மூலிகை, ஜப்பானிய தெரியாக்கி எனப் பல சுவைகளில் மசாலா தடவி, முள் நீக்கிய துண்டுகளாக உறையிலிட்டு விற்கிறார்கள். வேலைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு இது பெரும் வசதி. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், இரத்த அழுத்தத்துக்கு அஞ்சி ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒதுக்கிய ஒருவர் இந்த மீனை வாங்கும்போது, ஒதுக்கிய உப்பு வேறு வழியாகத் தட்டுக்கு வந்துவிடக்கூடும்.

பொட்டலத்தின் முன்பக்கம் மீனைப் பற்றிப் பேசுகிறது. பின்பக்க ஊட்டச்சத்துப் பட்டியலோ மீனும் மசாலாவும் சேர்ந்த கூட்டுக்கணக்கு. வெறும் சால்மனின் அளவுகள் தெரிந்திருந்தால், இந்தக் கணக்கை யாரும் எளிதாகப் பிரித்துவிடலாம். அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவுகளின்படி, பண்ணையில் வளர்த்த அட்லாண்டிக் சால்மனில் சமைக்காத 100 கிராமுக்கு ஏறத்தாழ 208 கிலோ கலோரி, 20 கிராம் புரதம், 13 கிராம் கொழுப்பு, 59 மில்லிகிராம் சோடியம் உள்ளன. மாவுச்சத்து அறவே இல்லை. கடலில் பிடிக்கப்படும் பிங்க் சால்மனில் கொழுப்பு 4 கிராமை ஒட்டியே இருக்கும்; கலோரியும் 127 தான். சோடியம் 75 மி.கி.

முதலில் சோடியத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பட்டியல்களில் ஒரு பரிமாறலளவு பெரும்பாலும் 112 கிராம் என்றிருக்கும். அந்த அளவு வெறும் அட்லாண்டிக் சால்மனில் இயல்பாக இருப்பது சுமார் 66 மி.கி. சோடியம். பட்டியலில் 450 மி.கி. என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மீதமுள்ள 384 மி.கி. மசாலாவிலிருந்தோ, ஈரப்பதம் காக்கச் சேர்க்கும் சோடியம் பாஸ்பேட் போன்ற பொருள்களிலிருந்தோ வந்ததாகும். சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். இங்கே அது ஏறக்குறைய ஒரு கிராம். நாளொன்றுக்கு 5 கிராம் உப்பைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோறும் குழம்பும் பொரியலும் இன்னும் இலைக்கு வரவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தெரியாக்கி வகையில் கூடுதல் கவனம் தேவை. சோயா சாற்றை அடிப்படையாகக் கொண்ட அந்தச் சாறு, ஒரு மேசைக்கரண்டியில் மட்டும் 690 மி.கி. அளவுக்குச் சோடியம் கொண்டது. சில பொட்டலங்களில் சாறு தனி உறையில் வரும். அப்போது பட்டியலில் உள்ள எண் சாற்றோடு சேர்த்தா, சேர்க்காமலா என்று பார்த்துக்கொள்வது நல்லது. தனி உறையில் இன்னொரு நன்மையும் உண்டு: பாதியை ஊற்றிவிட்டு மீதியை வைத்துவிடலாம். மீனில் ஏற்கெனவே ஊறிய உப்பை அப்படி எடுக்க முடியாது.

மாவுச்சத்துக் கணக்கு இன்னும் எளிது. மீனில் அது இல்லை என்பதால், பட்டியலில் காணும் ஒவ்வொரு கிராமும் சர்க்கரையோ, தேனோ, ரொட்டித்தூளோ, மாவோதான். புரதமும் ஒரு சாட்சி. 112 கிராம் பச்சை சால்மனில் 22 கிராமுக்கு மேல் புரதம் இருக்க வேண்டும். 16 கிராம் என்று போட்டிருந்தால், மீனுக்குக் கொடுத்த விலையில் ஒரு பங்கு நீருக்கும் சாற்றுக்கும் மேல்பூச்சுக்கும் போயிருக்கிறது.

பட்டியல் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. எந்தச் சத்துக்காகச் சால்மனை வாங்குகிறோமோ, அந்த ஒமேகா-3 கொழுப்பின் அளவை அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்காவில் இல்லை. மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, மாறுபக்கக் கொழுப்பு ஆகியவை மட்டுமே கட்டாயம். பண்ணை மீனில் இந்தச் சத்து தீவனத்தைப் பொறுத்தது. நார்வேயில் 1990-ல் சால்மன் தீவனத்தில் சுமார் 90 சதவீதம் கடல்சார் பொருள்கள். 2013-ல் அது 30 சதவீதத்தை ஒட்டிக் குறைந்து, சோயாவும் கடுகின வித்து எண்ணெயும் அந்த இடத்தைப் பிடித்தன. ஸ்காட்லாந்துப் பண்ணை சால்மனில் முக்கிய ஒமேகா-3 அமிலங்கள் 2006-க்கும் 2015-க்கும் இடையே பாதியாகிவிட்டதை ஸ்டெர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். அப்போதும் பெரும்பாலான மற்ற மீன்களைவிட அதில் அவை அதிகமாகவே இருந்தன என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். ஆகவே இது சால்மனைக் கைவிடுவதற்கான காரணமன்று. பண்ணை மீனா, கடல் மீனா என்று உறையில் தேடுவதற்கான காரணம்.

விதிகள் அறிவியலுக்குப் பின்னால் எவ்வளவு மெதுவாக நடக்கின்றன என்பதற்கும் இந்த மீன் ஓர் உதாரணம். மொத்தக் கொழுப்புக்கு வரம்பு வைத்த பழைய அமெரிக்க விதியின்படி சால்மன் பொட்டலத்தில் ‘ஆரோக்கியமானது’ என்று எழுத முடியாமல் இருந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட திருத்தத்தில்தான் சால்மன் அந்தத் தகுதியைப் பெற்றது. அதே திருத்தம் தனி உணவுக்கான சோடிய வரம்பைப் பரிமாறலுக்கு 230 மி.கி. என்று வைத்துள்ளது. மசாலா தடவிய துண்டுகளை எடைபோட இதைவிட வசதியான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. ‘இந்தியன் சால்மன்’ என்று நம் சந்தைகளில் விற்கப்படுவது காலா மீன். நல்ல மீன்தான், ஆனால் சால்மன் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. மேலே சொன்ன எண்கள் அதற்குப் பொருந்தா.

மசாலா சேர்க்காத சால்மனை வாங்கி வீட்டிலேயே சமைப்பவர்களுக்கும் கணக்கு இதுதான். 450 கிராம் மீனை நான்கு துண்டுகளாக்கி, மிளகு, மஞ்சள், பூண்டு, எலுமிச்சைச் சாற்றோடு கால் தேக்கரண்டி உப்பு மட்டும் சேர்த்தால், துண்டுக்கு 210 மி.கி. சோடியம் வரும். உப்பை அரைத் தேக்கரண்டியாக்கினால் அது 350-ஐத் தாண்டிவிடும்.