அணைச்சா போதுமா? மெயின் சுவிட்சின் கதை

1956 நவம்பர் 1, எங்க நாகர்கோவில்காரங்க மறக்காத தேதி. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த நாள். அதே வருஷம் இன்னொண்ணும் வந்துச்சு. அதுக்கு யாரும் விழா எடுக்கிறதில்லை. இந்திய மின்சார விதிகள், 1956. நம்ம வீட்டு மெயின் சுவிட்சைப் பத்திப் பேசின விதிகள்.

விதி 50 சொன்னது இதுதான்: மின்சாரம் வீட்டுக்குள்ள நுழையுற இடத்துக்குப் பக்கத்திலேயே, சுலபமா இயக்குற மாதிரி, மொத்த சப்ளையையும் துண்டிக்கிற சுவிட்ச் இருக்கணும். விதி 32 இன்னும் நுணுக்கமா இருந்துச்சு: நியூட்ரல் கம்பியில தனியா பியூஸோ சுவிட்சோ கூடாது. சுவிட்ச் போட்டா, அது பேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்துல துண்டிக்கணும்.

ஏன் இவ்வளவு கறார்? பழைய ஓட்டு வீடுகள்ல ரெண்டு கம்பிக்கும் தனித்தனி பீங்கான் பியூஸ் இருக்கும். நியூட்ரல் பியூஸ் மட்டும் போச்சுன்னு வைங்க. பல்பு அணைஞ்சிடும், பேன் நின்னுடும். 'கரண்டு இல்ல'ன்னு ஹோல்டர்ல கை வைப்போம். ஆனா பேஸ் கம்பியில 230 வோல்ட் அப்படியே நிக்குது. அது தரைக்கு இறங்க நம்ம உடம்புதான் வழி.

அந்தக் கால இரும்புப் பெட்டி மெயின்ல இதுக்குப் பதில் இருந்துச்சு. பேஸ் பக்கம் பியூஸ். நியூட்ரல் பக்கம் வெறும் உலோகப் பட்டை. பக்கவாட்டுப் பிடியை இழுத்தா ரெண்டும் சேர்ந்து விலகும். இன்றைய டபுள் போல் ஐசோலேட்டர் அதோட வாரிசுதான்.

2010-ல மத்திய மின்சார ஆணையத்தின் புது ஒழுங்குமுறைகள் வந்தன. ஆனா ஆபத்து இப்போ வேற வாசல் வழியாவும் வருது. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். குமரி மாவட்டத்துல ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. அந்த மாதிரி நாள்ல, சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாம ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்ல மாட்டினா, கரண்டு திரும்பி வெளியே போகும். டிரான்ஸ்பார்மர் அதை 11,000 வோல்ட் வரைக்கும் ஏத்திவிடும். கம்பத்துல ஏறினவர் உயிர் அங்க இருக்கு.

இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டிலும் மெயினை அணைச்சதும் எல்லாம் அணைஞ்சிடாது. அதனால வேலை தொடங்குறதுக்கு முன்னால, மெயின், இன்வெர்ட்டர் ரெண்டையும் துண்டிங்க. சோலார் இருந்தா அதையும். வேலை செய்யுற டெஸ்டரானு வேற பாயின்ட்ல பார்த்துட்டு, அப்புறம் கம்பியில வைங்க. உங்க வீட்டு மெயின் எங்க இருக்குன்னு இன்னைக்கே வீட்டுல எல்லாருக்கும் காட்டிடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.