பஞ்சவில்வமும் கொங்குநாட்டுக் கிளுவை வேலியும்

சிவபூசைக்குரிய பத்திரங்களுள் வில்வம், நொச்சி, விளா, மாவிலங்கம், கிளுவை என்னும் ஐந்தும் பஞ்சவில்வம் எனப் பெயர் பெறுதல் அன்பர்கள் அறிந்ததே. இவற்றுள் முன்னைய நான்கினையும் இன்னவெனக் காட்டுவார் பலர். கிளுவையைக் காட்டுவார் அரியர். அதனைக் காண விழைவார் நந்தவனந்தோறும் தேடி அலைய வேண்டுவதில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் நிலங்களின் வேலியை நோக்குதலே சாலும்.

அவ்வேலிமரம் முட்கிளுவை எனப்படும். அதன் சிறுகிளைகள் நுனியில் முள்ளாய்க் கூர்க்கும். கோடையில் இலையுதிர்ந்து வெறுங்கோலாய் நின்று, மழை கண்டதும் மும்மூன்று சிற்றிலைகளாய்த் துளிர்க்கும். இம்மூவிலையுடைமையே அதனை வில்வத்தோடு ஒருங்கு எண்ணச் செய்தது போலும். மாவிலங்கமும் மூவிலையினதே, நொச்சி மூன்றும் ஐந்துமாய் விரியும். விளா அங்ஙனமன்றே எனின், அத்தடை வலியுடையதே. எனினும் விளா வில்வத்தின் குடும்பத்தைச் சார்ந்தது. முள்ளில்லாத பச்சைக்கிளுவையோ மூன்று முதல் ஏழு வரை சிற்றிலைகளையுடையது. ஆகலின் பூசைக்குரியது முட்கிளுவையே எனக் கொள்ளுதல் பொருந்துமென்பது எம் கருத்து. முள்ளுடைமை இழுக்காகாது, கொடுமுடியில் தலமரமாகிய வன்னியும் முள்மரமே. சோழநாட்டுத் திருக்கடைமுடியில் கிளுவையே தலமரமாம்.

இனி, இதன் உலகியற் பயனைக் காண்போம். ஆண்டுமழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டரே பெறும் அவ்வறண்ட நிலத்தில் உழவர் கொறங்காடு என்னும் மேய்ச்சற்காட்டினை அமைத்தனர். நிலத்தில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே நிழலும் நெற்றும் தரும் வெள்வேல், சுற்றிலும் கிளுவை. காங்கேயம் மாடுகள் மேய்ப்பாரின்றியே அதனுள் மேயும். கழித்த தழை ஆட்டிற்கு இரையாகும். கிளையை வெட்டி நட்டால் வேர்கொள்வதாகலின் வேலிக்கு வித்தும் வேண்டா, விலையும் வேண்டா.

பட்டையைக் கீறினால் மணமுள்ள பிசின் கசியும். மருத்துவர் போற்றும் குக்குலுவும், அரபு நாட்டு வெள்ளைப்போளமும் இதன் இனத்து மரங்களின் பிசினே. அதுபற்றி அவற்றின் குணமெல்லாம் இதற்கும் உண்டென்று துணிதல் தகாது. இனம் ஒன்றாயினும் மருந்து வேறு.

திருப்பூரில் 1920களில் தோன்றிய பின்னலாடைத் தொழில் பெருகிப் பல்லாயிரவர்க்கு ஊணளித்தது. அதனை இகழ்தல் நன்றியன்று. ஆயினும் 2009இல் தனி மாவட்டமான அப்பகுதியில் ஆலைகளும் மனைப்பிரிவுகளும் பரவுங்கால், கொறங்காடுகள் குறைகின்றன. வேலிகள் களையப்பட்டுக் கம்பி நாட்டப்படுகின்றது. களைவார் தாம் களைவது அருச்சனைப் பத்திரமென்பதை அறியார். அறிவித்தல் நம் கடன்.

அவிநாசியும் திருமுருகன்பூண்டியும் அம்மாவட்டத்துப் பாடல்பெற்ற தலங்கள். அங்குள்ள அன்பர்கள் வேலி கழிக்கும் பருவத்தில் உழவரிடம் நான்கு கிளைகளை வேண்டிப்பெற்று நந்தவனத்து ஓரத்தில் நடலாம். நீர் தேங்காத இடமாயிருத்தல் வேண்டும்.