ஒளி வேட்டை – 6: மின்சாரத்துக்கு மசியாத படிகம்

1962-ல் அமெரிக்காவின் ஷெனெக்டடியில் ராபர்ட் ஹால், காலியம் ஆர்சனைடு துண்டுக்குள் நேரடியாக மின்சாரம் பாய்ச்சி லேசர் எடுத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். இனி நம்மூர்ப் பக்கம் வருவோம்.

கோலாலம்பூரில் பஸ் ஏறினால் ஐந்தாறு மணி நேரத்தில் சிங்கப்பூர். அந்தத் தீவின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்.

சுபோத் மைசால்கர், நிருபன் மேத்யூஸ் முதலானோர் அங்கே பெரோவ்ஸ்கைட் என்ற பொருளில் சூரிய மின்கலம் செய்துகொண்டிருந்தார்கள். கரைசலைப் பூசிக் காயவைத்தால் படிகப் படலம் தயார். பெரிய உலை எதுவும் வேண்டாம். ஒருநாள் இயற்பியலாளர் சம் ஸீ சியென், அந்தப் படலத்தின் மேல் லேசரைப் பாய்ச்சிப் பார்க்கும்படி தம் குழுவின் ஷிங் குய்சுவானிடம் சொன்னார். பாய்ச்சினார். படலம் பளிச்சென்று ஒளிர்ந்தது! வெயிலை விழுங்கச் செய்த பொருள், தானே லேசர் ஒளி உமிழ்ந்தது. சேர்மானத்தை மாற்றினால் நிறமும் மாறியது. 2014 மார்ச்சில் ‘நேச்சர் மெட்டீரியல்ஸ்’ இதழ் அதை வெளியிட்டது.

ஆனால் ஒரு லேசரை எரிக்க இன்னொரு லேசர் வேண்டியிருந்தது. சுவிட்சைத் தட்டினால் எரிய வேண்டாமா?

அங்கேதான் சிக்கல். லேசர் பிறக்கப் படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் நெருக்கியடித்துச் சேர வேண்டும். அதற்குப் பெரும் மின்னோட்டம் தேவை. மின்னோட்டம் ஏறினால் சூடு ஏறியது, ஒளித்திறன் சரிந்தது. மின்னழுத்தத்தில் படிகத்தின் அயனிகளே இடம் பெயர்ந்தன. மின்சாரம் கொடுக்க வைத்த உலோக முனைகளோ, பிறந்த ஒளியை விழுங்கின.

2020-ல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் அடாச்சி குழு, அறை வெப்பநிலையில் விட்டுவிட்டு மின்னாமல் தொடர்ந்து எரியும் பெரோவ்ஸ்கைட் லேசரைக் காட்டியது. அதற்கும் தீனி ஒளிதான்.

2025 ஆகஸ்டில் சீனாவின் ஹாங்ஜோவிலிருந்து செய்தி வந்தது. செஜியாங் பல்கலைக்கழகத்தின் டாவெய் டி குழு, மின்சாரத்தில் இயங்கும் பெரோவ்ஸ்கைட் லேசரைச் செய்துவிட்டது! சதுர சென்டிமீட்டருக்கு 92 ஆம்பியரிலேயே அது எரிந்தது.

ஆனால் லேசர் தந்த படிகத்துக்குள் மின்சாரம் நுழையவே இல்லை. பிறகு எப்படி எரிந்தது? ஹால் செய்த வேலைக்கு இது ஈடாகுமா? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)