தலையிடியும் ஒற்றைத் தலைவலியும்: ஒரு நோய்ப்பெயர் வரலாறு

1. முன்னுரை

நோய்க்குப் பெயர் மூன்று வழிகளில் அமையக் காண்கிறோம். நோயாளி உணர்வதைச் சுட்டுவது ஒன்று. நோய் தோன்றும் இடத்தைச் சுட்டுவது மற்றொன்று. நோயின் காரணத்தைச் சுட்டுவது பிறிதொன்று. தலைவலி பற்றிய தமிழ் வழக்குச் சொற்கள் பெரும்பாலும் முதல் வகையைச் சார்ந்தவை. மருத்துவ நூல்கள் வழிப் பரவிய பெயர்களுள் சில இரண்டாம் வகையின. மூன்றாவதாகிய காரணமோ 20ஆம் நூற்றாண்டில்தான் ஓரளவு தெளிவுற்றது. இம்மூன்று நிலைகளும் இன்றைய வழக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. அதனால் மருத்துவ மொழிபெயர்ப்பில் நேரும் இடர்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. உணர்வைச் சுட்டும் சொற்கள்

பழந்தமிழில் 'வலி' என்பது வன்மையைக் குறித்தது. திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய 'வலியறிதல்' வன்மையை அறிதல் பற்றியதேயன்றி நோவைப் பற்றியதன்று. துன்ப உணர்வைக் குறிக்க 'நோ' என்னும் அடியே பெரிதும் பயின்றது. கன்னடத்தின் 'தலெநோவு', தெலுங்கின் 'தலநொப்பி' ஆகியன இவ்வடியை இன்றும் காக்கின்றன. தமிழிலும் 'தலைநோவு' உண்டு. எனினும் பொதுவழக்கில் 'தலைவலி' அதனைப் பின்தள்ளிவிட்டது. ஈழத்தில் 'தலையிடி' என்பதே இயல்பான சொல். திருநெல்வேலி வட்டாரத்தில் 'மண்டையிடி' வழங்குகிறது. குத்து, பாரம், இறுக்கம் என்பனவும் 'விண்விண்ணென்று தெறித்தல்' போன்ற ஒலிக்குறிப்புத் தொடர்களும் உணர்வின் வேறுபாடுகளை நுட்பமாகக் காட்டுகின்றன.

இவை வரும் வாக்கிய அமைப்பும் நோக்கத்தக்கது. 'எனக்குத் தலையை வலிக்கிறது', 'தலையை இடிக்கிறது' என்னும் தொடர்களில் உணர்பவர் நான்காம் வேற்றுமையிலும் தலை இரண்டாம் வேற்றுமையிலும் நிற்கின்றனர். எழுவாய் இல்லை. இடிப்பது எது என்பதை வாக்கியம் சொல்வதில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப முயன்றதே தலைவலி பற்றிய மருத்துவ வரலாறு எனலாம்.

3. இடத்தைச் சுட்டும் பெயர்கள்

சுசுருத சங்கிதை தலைநோய்களைப் பதினொன்றாக வகுக்கிறது. அவற்றுள் 'அர்த்தாவபேதகம்' பாதித் தலையைப் பிளப்பதுபோன்ற நோவு. கிரேக்க மருத்துவ மரபில் கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான காலென் 'ஹெமிக்ரேனியா', அதாவது அரைமண்டை, என்னும் பெயரை வழங்கினார். இப்பெயரே இலத்தீன், பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து 'மைக்ரேன்' ஆயிற்று. மராத்தியின் 'அர்தசிசி', இந்தியின் 'ஆதாசீசீ', தமிழின் 'ஒற்றைத் தலைவலி' ஆகிய மூன்றும் இதே பொருளன.

ஆயினும் இவற்றிடையே ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலம் பேசுவோர்க்கு 'மைக்ரேன்' என்னும் சொல்லில் 'அரை' என்னும் பொருள் தோன்றுவதில்லை. அது வெறும் பெயராகிவிட்டது. 'ஒற்றைத் தலைவலி' அத்தகையதன்று. அதன் உறுப்புகள் பொருள் விளங்க நிற்கின்றன. கேட்பவர் அதனைப் பெயராக மட்டும் கொள்ளாமல் விளக்கமாகவும் கொள்கிறார்.

4. காரணம் பற்றிய தேடல்

குருதிக் குழாய்களின் விரிவே தலைநோவுக்குக் காரணம் என்னும் கருத்து 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிசிடம் காணப்படுகிறது. எட்வர்டு லிவிங் 1873இல் வெளியிட்ட நூலில் இதனை 'நரம்புப் புயல்' என்றார். 1938இல் கிரகாமும் உல்ஃபும் எர்கோட்டமின் மருந்தால் பொட்டுத் தமனியின் துடிப்புக் குறையும்போது வலியும் தணிவதைக் காட்டினர். குழாய்க் கொள்கை வலுப்பெற்றது. 1940இல் ரேயும் உல்ஃபும் விழித்திருந்த நோயாளிகளிடம் அறுவையின்போது செய்த ஆய்வு மற்றோர் உண்மையை நிறுவியது. மூளைத் திசு தன்னளவில் வலியை உணர்வதில்லை. மூளையைப் போர்த்திய உறைகளின் சில பகுதிகளும், பெரிய குருதிக் குழாய்களும், சில நரம்புகளும் உணர்கின்றன.

இவ்வுணர்வை எடுத்துச் செல்வது பெரும்பாலும் முகத்திற்குரிய முக்கிளை நரம்பு. அதன் முதற்கிளை மூளையுறைக்கும் நெற்றிக்கும் கண்ணுக்கும் பொதுவானது. ஆதலின் உள்ளே எழும் வலி நெற்றியிலோ கண்ணுக்குப் பின்னாலோ உணரப்படுகிறது. கழுத்தின் மேல்நரம்புகளும் மூளைத்தண்டில் இதனோடு வந்து கூடுவதால் பிடரியும் நோகிறது. மைக்ரேனின்போது இந்நரம்பமைப்பு சிஜிஆர்பி என்னும் புரதக்கூறை வெளிவிடுவதை 1990இல் கோட்ஸ்பியும் எட்வின்சனும் காட்டினர். அதனைத் தடுக்கும் முதல் எதிர்ப்பொருள் மருந்துக்கு 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. குழாய் விரிவு மட்டுமே காரணம் என்பது இன்று ஏற்கப்படுவதில்லை. இடம் சுட்டும் பழம்பெயரில் இவ்வறிவு எதுவும் இல்லை என்பது வெளிப்படை.

5. மும்பைச் சூழல்

காரணம் தெளிவதற்கு முன்னரே மருந்து கடைக்கு வந்துவிட்டது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் நிறுவனம் 1914இல் சென்னைக்கு இடம்பெயர்ந்தது. தமிழர் பலரது பேச்சில் அதன் பெயர் தலைவலித் தைலம் அனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று. இத்தகைய தைலங்களிலுள்ள மென்தால் தோலின் குளிர் உணர்விகளைத் தூண்டுவது; அவ்வுணர்வி 2002இல்தான் அடையாளம் காணப்பட்டது.

அமிர்தாஞ்சன் பிறந்த மாநகரில் தலைவலியைச் சொல்லும் மொழிகள் பல. தாராவித் தமிழருள் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தோர் பலர். 'மண்டையிடி' அவர்களது சொல். மாட்டுங்கா, செம்பூர், நவி மும்பையின் சான்பாடா ஆகிய பகுதிகளில் வாழும் தமிழர் வீட்டில் 'தலைவலி' என்பதை வெளியில் மராத்தியில் 'டோகேதுகி' என்றோ இந்தியில் 'சிர்தர்த்' என்றோ சொல்ல நேர்கிறது. இம்மாற்றத்தில் இடி, குத்து, பாரம் என்னும் வேறுபாடுகள் மறைந்து ஒரே பொதுச்சொல் எஞ்சுகிறது. மருத்துவர் நோயை வகைப்படுத்தத் தேவைப்படுபவையோ அவ்வேறுபாடுகளே.

6. மொழிபெயர்ப்பில் நேரும் இடர்கள்

பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பு 2018இல் வெளிவந்தது. அதன்படி மைக்ரேன் வலிக்குரிய இயல்புகள் நான்கு: ஒரு பக்கம் வலித்தல், துடித்தல், நடுத்தரம் அல்லது கடுமை, அன்றாட அசைவால் மிகுதல். இவற்றுள் இரண்டு இருந்தாலே போதும். குமட்டலோ, ஒளியும் ஒலியும் தாங்காமையோ உடனிருத்தல் வேண்டும். ஆகவே இருபக்கமும் வலிப்பவர்க்கும் இந்நோய் இருக்கலாம். அவரிடம் தமிழ்ப் படிவம் 'ஒற்றைத் தலைவலி உண்டா?' என வினவினால் 'இல்லை' என்பார். வினா வடிவமே நோயை மறைத்துவிடுகிறது.

இதனினும் கடுமையான இடர் மற்றொன்று. ஒரு நிமிடத்திற்குள் உச்சத்தை எட்டும் தலைவலிக்கு ஆங்கிலப் பெயர் இடிமுழக்கத்தை உவமையாகக் கொண்டது. மூளையைச் சூழ்ந்த பகுதியில் குருதிக்கசிவு நேர்ந்ததன் அறிகுறியாக அது இருக்கலாம். உடனே மருத்துவமனை செல்லவேண்டிய நிலை. இதனை 'இடித்தலைவலி' எனப் பெயர்த்தால், 'தலையிடி' என்பதை அன்றாடச் சொல்லாகக் கொண்ட ஈழத்தமிழர் அதில் எச்சரிக்கையைக் காணமாட்டார். தமிழில் வானத்து இடியும் உரலில் இடிப்பதும் ஒரே வடிவின. ஆங்கில உவமை சுட்டுவது விரைவை. தமிழ்ச் சொல் சுட்டுவது தாக்குதலை. 'திடீரென ஒரு நிமிடத்திற்குள் உச்சமடையும் கடுந்தலைவலி' என விரித்துரைப்பதே பொருத்தம்.

7. முடிவுரை

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, 1867இல் 'இரணவைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆகிய நூல்களை வெளியிட்டார். தமிழில் மருத்துவம் எழுத இயலுமா என்னும் வினாவுக்கு அவை அப்போதே விடை தந்துவிட்டன. இன்று எஞ்சியிருப்பது எச்சொல்லை எங்கு ஆள்வது என்னும் வினா. நோயின் பெயராக 'மைக்ரேன்' என்பதையே எழுதுவது நன்று. பொருள் தோன்றாமையே அதன் பயன். நோயாளியிடம் வினவும்போது இடி, குத்து, பாரம், விண்விண் என்னும் வழக்குச் சொற்களைத் தனித்தனியே ஆளவேண்டும். 'ஒற்றை' என்பது பெயரில் இடம்பெறாமல், 'ஒரு பக்கமா, இருபக்கமுமா?' என்னும் வினாவாக மாறுவதே தக்கது.