பருத்தியை நம்பிப் போருக்குப் போனவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை உயர்தர வகுப்பில் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிப் பேச்சு வந்தது. பலகையின் நடுவில் ஒரு கோடு கீறி, ஒரு பக்கம் வடக்கு, மறு பக்கம் தெற்கு என்று எழுதினோம். 1861 இல் யார் கையில் என்ன இருந்தது என்று இரண்டு பக்கமும் நிரப்பினோம். நிரப்பி முடிந்ததும் பின் வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், இவ்வளவு வித்தியாசம் இருந்தா தெற்கு ஏன் சண்டைக்குப் போனது? அவங்களுக்குக் கணக்குத் தெரியாதா?"

மணி அடித்துவிட்டது. அரைகுறையாக ஏதோ சொல்லி அனுப்பினோம். முழுப் பதில் இது.

முதலில் பலகையில் இருந்தவை. வடக்கில் ஏறத்தாழ 2 கோடி 20 இலட்சம் பேர். தெற்கில் பிரிந்து போன 11 மாநிலங்களிலும் 90 இலட்சம். அதில் 35 இலட்சம் பேர் அடிமைகள். 1860 குடிசன மதிப்பீட்டின்படி வடக்கில் 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளும் பட்டறைகளும். தெற்கில் 20,000 அளவில். துப்பாக்கி செய்யும் தொழில் ஏறக்குறைய முழுவதும் வடக்கில். பெரிய பீரங்கி வார்க்கக்கூடிய இரும்பாலை என்று தெற்கில் சொல்ல இருந்தது ரிச்மண்ட் நகரத்து ட்ரெடெகார் ஒன்றுதான்.

நாட்டில் இருந்த 30,000 மைல் ரயில் பாதையில் தெற்கின் பங்கு 9,000 மைல் அளவு. அதுவும் கம்பனிக்கு ஓர் அகலத்தில் போட்ட தண்டவாளம். நம் களனிவெளிப் பாதை ஒடுங்கிய பாதையாக இருந்த காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பெட்டி கண்டிப் பாதையில் ஓடாது. தெற்கில் பல நகரங்களில் இதே கதை. ஒரு பாதையில் வந்த சாமானை இறக்கி, மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோ ஊரின் மறுகோடிக்குக் கொண்டு போய், அடுத்த ரயிலில் ஏற்ற வேண்டும். படைக்கு அரிசி மா போகும் வழி இப்படி இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தெற்கு பிரிந்தது அடிமை முறையைக் காப்பதற்காக. பிரிந்த மாநிலங்கள் சில வெளியிட்ட அறிக்கைகளிலேயே அது எழுதியிருக்கிறது. வேறு காரணம் சொல்பவர்கள் அவற்றை வாசிக்கவில்லை.

சரி, மாணவனின் கேள்விக்கு வருவோம். தெற்கின் தலைவர்களுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். அவர்களின் ஜனாதிபதி ஜெபர்சன் டேவிஸ் வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியில் படித்தவர், ஐக்கிய அமெரிக்காவின் யுத்தச் செயலாளராக இருந்தவர். லிங்கனுக்கு இருந்த இராணுவ அனுபவம் இளவயதில் சில மாதம் ஊர்ப்படையில் இருந்தது மட்டும். போர் தொடங்கிய பிறகு நூலகத்தில் இருந்து புத்தகம் எடுத்துத்தான் அவர் யுத்தக் கலையைப் படித்தார்.

டேவிஸின் யோசனை இதுதான். வடக்கு வெல்ல வேண்டும்; தெற்கு தோற்காமல் இருந்தால் போதும். ஏழரை இலட்சம் சதுர மைல் நிலம் அது, நம் இலங்கையைப் போல ஏறத்தாழ முப்பது மடங்கு. அதற்குள் நுழைந்து, பிடித்து, பிடித்ததைக் காத்து நிற்க வேண்டியது வடக்கின் வேலை. பிரித்தானியப் பேரரசை எதிர்த்து இவர்களின் பாட்டன்மார் அப்படி இழுத்தடித்துத்தானே விடுதலை பெற்றார்கள்? அதோடு 1861 இல் இரு தரப்பிடமும் படை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாட்டின் நிரந்தர இராணுவமே 16,000 பேர்தான். பெரும்பாலோர் மேற்கு எல்லைக் கோட்டைகளில் சிதறிக் கிடந்தார்கள். அதிகாரிகளில் 300 பேர் அளவில் விலகித் தெற்குக்குப் போனார்கள். வடக்குப் படையின் தலைமையைத் தருகிறோம் என்று கேட்கப்பட்ட ரொபர்ட் லீயும் அவர்களில் ஒருவர். ஆகவே தெற்கு பைத்தியக்காரத்தனமாகப் போருக்குப் போனது என்று சொல்ல முடியாது.

வடக்கின் திட்டத்தைத் தந்தவர் 74 வயதுக் கிழவர், ஜெனரல் வின்பீல்ட் ஸ்கொட். குதிரையில் ஏற முடியாத உடம்பு. கடற்கரை முழுவதையும் கப்பல்களால் அடைப்போம், மிசிசிப்பி ஆற்றைப் பிடித்துத் தெற்கை இரண்டாகப் பிளப்போம், பிறகு காத்திருப்போம் என்றார். பத்திரிகைகள் சிரித்தன. மலைப்பாம்புத் திட்டம் என்று பெயர் வைத்துப் படமும் கீறின. உடனே ரிச்மண்டைப் பிடி என்பதுதான் சனத்தின் கூச்சல். 1861 ஜூலை 21 இல் பயிற்சி இல்லாத படையை புல் ரன்னுக்கு அனுப்பினார்கள். சண்டை பார்க்க வொஷிங்டனில் இருந்து கனவான்கள் சாப்பாட்டுக் கூடையோடு வந்திருந்தார்கள். மாலையில் படையும் கனவான்களும் ஒரே பாதையில் திரும்பி ஓடினார்கள்.

கடைசியில் நடந்தது அனேகமாகக் கிழவர் சொன்னதுதான். போர் தொடங்கும்போது சேவையில் இருந்த போர்க்கப்பல் 42. அடைக்க வேண்டிய கரையோ 3,500 மைல். ஆனால் கப்பல் கட்டும் தளமும் இரும்பும் பணமும் வடக்கில் இருந்தன. போர் முடியும்போது கப்பல்கள் 600 இற்கு மேல். சாமான் தடை என்றால் என்ன என்று நம் நாட்டு யுத்த காலத்தைக் கண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பற்றரியும் கிடைக்காத வீடுகள் இருந்த நாடு இது. தெற்கில் முதலில் உப்புக்குத் தட்டுப்பாடு வந்தது. கோப்பிக்குப் பதிலாகத் தானியத்தை வறுத்து இடித்துக் குடித்தார்கள். அரசு காசு அச்சடித்தே போரை நடத்தியதால் விலை ஏறியது. 1861 இல் ஒரு டொலருக்கு வாங்கிய சாமான் 1865 இல் 90 டொலரைத் தாண்டியது. 1863 ஏப்ரலில் ரிச்மண்டில் பெண்கள் பாண் கேட்டுக் கடைகளை உடைத்தார்கள்.

இனி நாம் வகுப்பில் விட்ட பிழை. அந்த 35 இலட்சம் பேரை எதையும் யோசிக்காமல் தெற்கின் பக்கம் எழுதினோம். தெற்கும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆட்களாக அல்ல, ஆதனமாக. நாடு முழுவதும் இருந்த அடிமைகளின் சந்தை விலை 3 பில்லியன் டொலருக்கு மேல். அத்தனை ரயில் பாதைகளையும் தொழிற்சாலைகளையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. அவர்கள் வயலைப் பார்ப்பார்கள், வெள்ளையர்கள் எல்லோரும் சண்டைக்குப் போகலாம் என்பது தெற்கின் கணிப்பு. இரு தரப்பின் பலத்தைக் கூட்டிப் பார்ப்பவர்கள் நடுவில் அகப்பட்ட சனத்தை எந்தப் பக்கம் எழுதுகிறார்கள் என்பது, இந்த நாட்டு முஸ்லிம்களான நமக்குப் புதிய கேள்வி இல்லை. நாமே அதைச் செய்தது பிறகுதான் உறைத்தது.

போர் தொடங்கி ஆறு கிழமைக்குள், 1861 மே மாதம் ஓர் இரவு, வேர்ஜீனியாவில் மூன்று அடிமைகள் படகேறி வடக்கின் கையில் இருந்த மன்றோ கோட்டைக்கு வந்தார்கள். தெற்கின் பீரங்கித் தளம் ஒன்றைக் கட்டும் வேலையில் இருந்து தப்பியவர்கள். அடுத்த நாள் வெள்ளைக் கொடியோடு தெற்கின் அதிகாரி ஒருவர் வந்து, தப்பிய அடிமையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் நாட்டுச் சட்டமே சொல்கிறதே என்று கேட்டார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் தொழிலால் சட்டத்தரணி. நீங்கள் வேறு நாடு என்று அறிவித்துவிட்டீர்கள், பிறகு எங்கள் சட்டம் உங்களுக்கு எதற்கு என்றார். ஆதனம் என்று நீங்களே சொல்வதால், எதிரியின் போர்ச் சாமானாக இவர்களை வைத்துக்கொள்கிறோம் என்றார். மனிதர்களைச் சாமான் என்று சொல்லித்தான் அவர்களைக் காப்பாற்ற முடிந்தது. ஆனால் வாசல் திறந்துவிட்டது. போர் முடியும் முன் இலட்சக்கணக்கானோர் அப்படி நடந்து வந்தார்கள். ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்குப் படையில் சேர்ந்து போரிட்டார்கள். தெற்கு தன் பக்கம் எழுதிவைத்த மிகப் பெரிய தொகை, தானே எழுந்து நடந்து மறுபக்கம் போனது.

அடுத்த தொகை பருத்தி. 1858 இல் தென் கரோலினாவின் செனட்டர் ஜேம்ஸ் ஹமண்ட், பருத்திதான் அரசன், அதன் மீது போர் தொடுக்க உலகில் எவருக்கும் துணிவில்லை என்ற கருத்தில் பேசினார். காரணம் இருந்தது. பிரித்தானிய ஆலைகளுக்குப் போன பருத்தியில் ஐந்தில் நான்கு பங்கு அளவு தெற்கினுடையது. ஆகவே 1861 இல் தோட்டக்காரர்களும் வியாபாரிகளும் பருத்தியைத் தாங்களாகவே கப்பலேற்றாமல் நிறுத்தினார்கள். இலங்கஷயர் ஆலைகள் மூடும், சனம் பட்டினி கிடக்கும், பிரித்தானியக் கடற்படை வந்து வடக்கின் தடையை உடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள்.

நம் பார்வையில் தெற்கின் மிகப் பெரிய தவறு இதுதான். 1861 இல் வடக்கின் கப்பல்கள் மிகக் குறைவு, துறைமுகங்கள் பாதி திறந்தே இருந்தன. அந்த நேரம் பருத்தியை அனுப்பித் துப்பாக்கியும் தங்கமும் எடுத்திருக்கலாம். அதற்கு முந்திய விளைச்சல் அமோகம். பிரித்தானியக் களஞ்சியங்கள் நிரம்பியிருந்ததால் ஒரு வருடத்துக்கு உறைக்கவே இல்லை. விற்கலாம் என்று மனம் மாறும்போது கடல் அடைபட்டுவிட்டது. ஆகப் பெரிய பருத்தித் துறைமுகமான நியூ ஓர்லியன்ஸ் 1862 ஏப்ரலில் போய்விட்டது.

இலங்கஷயரில் பட்டினி வரத்தான் செய்தது. ஆனாலும் 1862 டிசம்பர் 31 இல் மன்செஸ்டர் தொழிலாளர்கள் கூடி, அடிமை ஒழிப்பை ஆதரித்து லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்கள். அடுத்த நாள் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு அடிமை முறைக்காகக் கப்பல் அனுப்புவது லண்டனில் எந்த அரசுக்கும் இலகுவாக இல்லை. பருத்திக்கு வேறு இடமும் கிடைத்தது. பம்பாய் வழியாக இந்தியப் பருத்தி. நைல் நதி வழியாக எகிப்துப் பருத்தி.

எகிப்தின் ஏற்றுமதி அந்த ஐந்து வருடத்தில் நான்கு மடங்கு அளவுக்குப் போனது. 1863 இல் பதவிக்கு வந்த இஸ்மாயில் பாஷா அந்தக் காசு நிரந்தரம் என்று நம்பிக் கடன் வாங்கினார். 1865 ஏப்ரலில் லீ சரணடைந்தார், பருத்தி விலை விழுந்தது, கடன் நின்றது. கடனுக்குப் பருத்தி மட்டும் காரணம் இல்லை. கால்வாயும் மாளிகைகளும் வட்டிக்காரர்களும் உண்டு. 1875 இல் சுயஸ் கால்வாய்ப் பங்குகளைப் பிரித்தானியாவுக்கு விற்றார். அடுத்த வருடம் நாடு வங்குரோத்து. கடன்காரர்களின் ஆட்சியை எதிர்த்து எழுந்தவர் ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, இராணுவ அதிகாரி. 1882 செப்டம்பரில் தல் அல் கபீரில் பிரித்தானியப் படை அவரைத் தோற்கடித்தது. 1883 ஜனவரியில் நாடுகடத்தப்பட்டு, தோழர்களோடு கொழும்புத் துறைமுகத்தில் இறங்கினார்.

அவர்தான் நம் ஒராபி பாஷா. அறிஞர் சித்திலெப்பையோடும் வாப்பிச்சி மரிக்காரோடும் சேர்ந்து அவர் உழைத்த முயற்சியில் 1892 இல் மருதானையில் ஸாஹிரா தொடங்கியது. 1901 இல்தான் அவர் எகிப்து திரும்பினார்.

இதில் பாதியைத்தான் அந்த மாணவனுக்குச் சொன்னோம். பலகையைத் திருத்தி எழுதுவது வரும் திங்கட்கிழமை முதலாம் பாடவேளையில்.